பிசிறு

“அப்பா, நீ வாசிக்கிறதை நிறுத்திட்டா யாருக்குத் தெரியும்?”

ஒரு திருவிழாக் கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது பூஜா கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஆறு வயது. மேடையில் பாடியவரின் குரல் அவளுக்குக் கேட்டது. கீபோர்டு கேட்டது, தபேலா கேட்டது. அப்பா கையில் இருந்த, நான்கு தடிக் கம்பிகள் போட்ட பேஸ் கிதார் மட்டும் என்ன சத்தம் போடுகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

“நிறுத்தினாத்தான் தெரியும்” என்றான் வேணு.

அன்று சிரித்துக்கொண்டே சொன்ன பதில். பிறகு பல வருடம் கழித்து அதே பதில் அவனுக்குள் வேறு முகத்தோடு எழுந்து வந்தது.

வேணு நகைத் தொழில் செய்யும் பத்தர். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. பகலில் ஊதுகுழலும் அரமும். திருவிழாக் காலத்தில் அப்பாதுரையின் இன்னிசைக் குழுவில் பேஸ் கிதார். இரண்டும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன, தொண்ணூற்று மூன்றாம் வருடம் அடி அண்ணாமலையில் நடந்த கச்சேரி வரைக்கும்.

அன்று புழுக்கம் அதிகம். அப்பாதுரை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எங்கேயோ வைத்தார். இடைவேளைக்குப் பிறகு தேடினால் காணவில்லை. அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

“நகையைப் பாத்ததும் எடை போடற கை ஒண்ணு நம்ம மேடையிலயே இருக்குதுங்க. மொதல்ல அந்தப் பையைக் கொட்டிப் பாத்துடலாம்.”

கூட்டம் சிரித்தது. வேணுவின் பையை மேடையிலேயே கவிழ்த்தார்கள். ஒரு சட்டை, விபூதிப் பொட்டலம், பூஜாவுக்கென்று வாங்கிய பொரி உருண்டை. பொரி உருண்டை உருண்டு மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

சங்கிலி பிறகு தபேலா வைக்கும் மெத்தைக்குள் கிடைத்தது. கிடைத்ததை யாரும் வந்து சொல்லவில்லை. காற்றுவாக்கில் காதில் விழுந்ததுதான். பழியை ஊருக்கே கேட்கும்படி மைக்கில் சொன்னவர், கிடைத்த சேதியை மைக்கில் சொல்லவில்லை.

மற்ற தொழில்காரனாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பத்தர் பையைச் சோதனை போட்டார்கள் என்றால் அப்புறம் எந்த வீட்டிலிருந்து தங்கம் வரும்? தாலி செய்யக் கொடுத்திருந்தவர்கள்கூட வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது பித்தளை விளக்கு, வெள்ளிக் கொலுசு, உடைந்த கொக்கி. அதையும் நேராகக் கொண்டுவரக் கூச்சப்பட்டு, பூ விற்கும் எல்லம்மாளின் கூடையில் போட்டு அனுப்பினார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கிதாரைத் தூக்கிக்கொண்டு தயங்காமல் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கச்சேரியைத் தெரியாது.

தினமும் காலையில் வேணு வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுவான். முன்பெல்லாம் அந்தக் கும்பிடுதலில் வேண்டுதல் எதுவும் இருந்ததில்லை. இப்போது இருந்தது. ‘அண்ணாமலையாரே, ஒரு நாள். அந்த ஆள் கையில் மைக் இருக்கும்போது, ஊரே பார்க்கும்போது.’ இப்படி ஒன்றைச் சாமியிடம் கேட்கிறோமே என்று முதலில் உறுத்தியது. பழகப் பழக உறுத்தவில்லை.

நான்கு ஆடி போனது. ஐந்தாவது ஆடியில் ஒரு வியாழக்கிழமை காலை, நீளமான உறை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் பட்டறை வாசலில் வந்து நின்றான். அப்பாதுரையின் மகன் மணிவேல்.

“வேணுண்ணா, உள்ள வரலாமா?”

“கதவு தொறந்துதான இருக்குது.”

மணிவேல் உறையைப் பிரித்தான். பிரிப்பதற்கு முன்பே வேணுவுக்குத் தெரிந்துவிட்டது. குழுவில் இருந்தபோது அவன் வாசித்த அதே கிதார். மரத்தில் அவன் கட்டைவிரல் வருடக்கணக்காகத் தேய்ந்து பளபளத்த இடம் அப்படியே இருந்தது.

“நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் மாரியம்மன் கோயில்ல கச்சேரிண்ணா. பழைய சாடில் எல்லாம் துருப்பிடிச்சிப் போச்சின்னு மெட்ராஸ்ல புதுசு வாங்கியாந்து மாட்டினேன். மழமழன்னு இருக்குது. அடிச்சா கம்பி இந்தாண்டயும் அந்தாண்டயும் ஓடுது.”

கிதாரின் அடிப்பக்கத்தில் கம்பிகள் ஏறி உட்காரும் சிறிய பித்தளைக் கட்டைகளைத்தான் சாடில் என்பார்கள். ஒவ்வொரு கட்டையின் உச்சியிலும் அந்தந்தக் கம்பியின் பருமனுக்கு ஒரு காடி இழைக்க வேண்டும். காடி இல்லாவிட்டால் கம்பி நிலையாக நிற்காது. பழைய சாடில்களில் காடி எடுத்தது வேணுவின் கைதான்.

“காடி போடாமலே வித்திருக்கான்.”

“அதாண்ணா. செங்கம் ரோட்டு வெள்ளைக்காரங்க எல்லாம் உங்ககிட்டதான் வராங்களாமே.”

“உங்கப்பா அனுப்பிச்சாரா?”

மணிவேல் கிதார் உறையின் ஜிப்பை இழுத்து மூடினான், திறந்தான். “அவருக்குத் தெரியாதுண்ணா. மெட்ராஸ்லயே போட்டுக்கினு வந்தேன்னு சொல்லிடுவேன்.”

“அன்னிக்கு நீ டிரம்ஸுக்குப் பக்கத்துல நின்னுக்கினு இருந்தே.”

“ஆமாண்ணா.”

வேணு கிதாரை மடியில் வாங்கி, ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தபடி கேட்டான்.

“பெரிய கச்சேரியா?”

“ஆரம்பத்துலயே நான் தனியா வாசிக்கிறேன்னு அப்பா நோட்டீஸ்ல போட்டுட்டாரு. எனக்குப் பாத்திருக்கிற பொண்ணு வீட்டுக்காரங்க அந்த ஊருதான். முன்னால உக்காருவாங்களாம்.” மணிவேல் காதைத் தடவிக்கொண்டான். “பொண்ணும் வருதாம்.”

“வேற கம்பி கைவசம் இருக்குதா?”

“இல்லண்ணா. இது ஒரு செட்டுதான்.”

“சாயந்திரம் வா” என்றான் வேணு.

மணிவேல் போனதும் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தான். மேகம் பாதி மலையை மூடியிருந்தது. கேட்டது வந்துவிட்டது. இத்தனை பக்கத்தில், தன் மடியிலேயே வந்து விழும் என்று அவன் நினைக்கவில்லை.

கம்பிகளைத் தளர்த்திச் சாடில்களைக் கழற்றினான். எலிவால் அரங்களைப் பருமன் வாரியாக எடுத்து வைத்தான். மூன்று காடிகளை ஒழுங்காகவே எடுத்தான். முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் மெல்லச் சரிந்து, கம்பி பாதி புதைந்து உட்காரும்படி. அரம் ஓடினால் விளிம்பில் பிசிறு எழும்பும். அதைச் சீவி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, விரல் வைத்துப் பார்த்து, பிறகுதான் வேலை முடிந்தது என்பான் பத்தர்.

நான்காவது காடியில்தான் நின்றான். மேலிருந்து இரண்டாவது கம்பி. தனியாக வாசிக்கும்போது அதிகம் அடிபடுவது அதுதான். செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டால் போதும். ஆனால் அவனுக்கு அது போதவில்லை. எழும்பிய பிசிறை இன்னும் ஏற்றி, முன் விளிம்பைக் கத்தி முனை போலத் தீட்டினான். கம்பி மேலே உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. மெல்லச் சுண்டினால் ஒன்றும் ஆகாது. மேடையில் ஓங்கி ஓங்கி அடிக்கும்போது அந்த முனை முதலில் கம்பியின் மேல்சுற்றைத் தின்னும், பிறகு உள்கம்பியைத் தின்னும். மெட்ராஸில் போட்ட சாடில் என்றுதானே சொல்லப்போகிறான்? பழி பத்தர் பட்டறைக்கு வரவே வராது.

இத்தனை கவனமாக அவன் நகை செய்துகூட நாளாகியிருந்தது. வேலை நடுவில் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததைப் பிறகுதான் கவனித்தான்.

சாயந்திரம் மணிவேல் வந்தான். நான்கு கம்பிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்துபோனது.

“அசையவே மாட்டேங்குதுண்ணா.”

“அசையாது.”

“எவ்ளோ தரணும்?”

“கச்சேரி முடியட்டும்.”

மணிவேல் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான். வாசற்படி இறங்கும்போது திரும்பி ஒரு முறை கும்பிட்டான். வேணு ஊதுகுழலைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினான். தூக்கம் வரும் வரைக்கும் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தான். கூட்டம் நிறைந்திருக்கும். பையன் தனியாக வாசிப்பான். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். முன் வரிசையில் யாரோ சிரிப்பார்கள். அப்பாதுரை மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பார். நிறுத்தினால்தான் தெரியும்.

மறுநாள் காலை எல்லம்மாள் வந்தாள். கூடையில் கதம்பத்துக்கு அடியில் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

“பத்தரே, உன் மாமூல் கொலுசு வந்திருக்குது.”

மாதா மாதம் வருகிற கொலுசுதான். பௌர்ணமி போன கையோடு வரும். ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் அறுந்திருக்கும். வேணு பற்ற வைத்து ஒட்டி அனுப்புவான். மறுபடி அறுந்து வரும். தன் பற்று நிற்கவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டான். பார்த்தால் பற்ற வைத்த இடம் கல் மாதிரி இருக்கும். அடுத்த வளையம் போயிருக்கும். மட்டமான வெள்ளி என்று திட்டிக்கொண்டே வேலையைச் செய்துவிடுவான். யாருடையது என்று கேட்டால் எல்லம்மாள் சொல்ல மாட்டாள். கூலி எப்போதும் கேட்டதைவிடக் கூடவே வரும். வீட்டு வாடகையில் ஒரு பங்கை அந்தக் கொலுசு பல மாதம் தாங்கியிருக்கிறது.

இன்று அவன் கண் நேற்றைய வேலையிலேயே இருந்தது. எதைப் பார்த்தாலும் விளிம்பைத்தான் பார்த்தது. பூதக்கண்ணாடியை எடுத்து அறுந்த முனையைப் பார்த்தான்.

தேய்ந்து அறுகிற கம்பி இழுபட்டு, மெலிந்து, முனை நூல்போல முடியும். இதில் முனை இரண்டு பக்கமும் சரிந்து கூரைபோல இருந்தது. கருவி வைத்து நறுக்கிய வெட்டு. அவன் கொலுசை விரித்துப் போட்டான். தான் பற்ற வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். முதல் வளையம், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கொக்கியிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் வரிசையாக, வெட்டு கொலுசைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“எல்லம்மாக்கா, இது அறுந்தது இல்ல. வெட்டினது.”

“அறுந்தா இன்னா, வெட்டினா இன்னா? ஒனக்கு வேலை வருதில்ல?”

“யாரோடது?”

“கால்ல போடறவங்களோடது.”

“விளையாடாத. எவளோ என்னை வெச்சிக் கேலி பண்றா.”

எல்லம்மாள் பூத்தொடுக்கும் நூலை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். “கேலி பண்றவ நாலு வருசமா வெள்ளியை நறுக்கிக்கினு உக்காந்திருப்பாளா? புத்தி இருக்குதா ஒனக்கு?”

“அப்ப சொல்லு.”

“பேரு சொல்ல மாட்டேன்னு அம்மணியம்மன் கோபுரத்தைப் பாத்துச் சத்தியம் பண்ணிருக்கேன். என் வாயால வராது.” நூலை எடுத்து முடி போட்டு, மிச்சத்தைப் பலகையிலேயே விட்டாள். “அவங்க வீட்டுக்காரரு மைக்குல பேசுவாரு. அந்தம்மா நகவெட்டியில பேசுது. அவ்ளோதான்.”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மைக்கில் பேசுகிற வீட்டுக்காரர் இந்த ஊரில் எத்தனை பேர்? அப்பாதுரையின் மனைவி ரேணுகாம்பாளை வேணு இரண்டொரு முறை பார்த்திருக்கிறான். ஒத்திகைக்குப் போனால் காபியை வாசல் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் குரல்கூட நினைவில்லை.

முதலில் வந்தது நன்றி அல்ல. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வீட்டுச் சோறா இத்தனை நாள் தின்றது? அவர் மிதிப்பார், இவள் பிச்சை போடுவாளா? கொலுசை வாரி மூலையில் எறிந்தான். அது சுவரில் பட்டு, மணிகள் குலுங்கிவிட்டு அடங்கியது.

வேலை கொடுத்தால் செய்து கொடுக்க வேண்டும் என்பது தொழில். எழுந்துபோய் எடுத்தான். வெட்டுப்பட்ட முனைகளைச் சேர்த்து, பொடி தூவி, ஊதிப் பற்ற வைத்தான். நீரில் முக்கினான். பற்றின் மேல் ஒரு சின்னப் பிசிறு நின்றது. கை தானாகவே அரத்தை எடுத்துச் சீவியது. பிசிறோடு அனுப்பினால் அந்த அம்மாளின் கணுக்காலில் கீறுமே.

அரம் பாதியில் நின்றது.

அவன் பகையாளி வீட்டுப் பெண்ணின் காலில் ஒரு கீறல் விழக் கூடாது என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று அதே கை, அவள் பிள்ளைக்குக் கத்தி தீட்டி அனுப்பியிருக்கிறது. அந்தப் பிள்ளை வாசற்படியில் கும்பிட்டுவிட்டுப் போனான். அவள் தன் நகையைத் தானே நறுக்கிக்கொண்டு ஒருவனை வாழவைத்தாள், அவனுக்குத் தெரியாமலே. அவனும் யாருக்கும் தெரியாமல்தான் செய்திருந்தான். கடவுள் மனிதருக்குச் சாட்சி இல்லாத இடத்தைக் கொடுப்பது எதற்கு என்று அவரவர் செய்வதைப் பார்த்தால்தான் தெரிகிறது.

மன்னிப்பு வந்ததா என்றால், இல்லை. அப்பாதுரையின் முகத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் அவருக்கும் இவனுக்கும் உள்ள கணக்கில் அந்த அம்மாளை இழுக்க இவனுக்கு உரிமை இல்லை.

மெல்லிய அரம் ஒன்று, உப்புத்தாள் துண்டு ஒன்று, எல்லம்மாள் பலகையில் விட்டுப்போன பூ நூல் கொஞ்சம். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தான்.

கீழ்பென்னாத்தூரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கோயில் திடலில் மேடை போட்டு நீலத்திரை இழுத்திருந்தார்கள். மணிவேலைத் தேடினான். குழுவினர் எல்லாரும் தர்மகர்த்தா வீட்டில் சாப்பிடப் போயிருப்பதாகச் சர்பத் கடையில் சொன்னார்கள். அங்கே போய்ச் சொல்லலாம்தான். என்ன சொல்வது? தம்பி, உன் மானத்தை அறுக்க ஒரு முனை வைத்தேன், எடுத்துவிடுகிறேன் என்றா?

மேடையின் பின்பக்கம் போய்த் தட்டியை விலக்கி உள்ளே ஏறினான். யாரும் இல்லை. வாத்தியங்கள் உறையோடு இருந்தன. கிதார் உறையை இழுத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த மேடையில், இந்தக் குழுவின் பையைத் திறந்துகொண்டு, இவன் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால்? அன்று பொய்யாகச் சொன்னது இன்று உண்மை ஆகிவிடும். பூஜா இப்போது பத்தாவது படிக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வாயே இருக்காது.

கம்பியைத் தளர்த்தி ஒதுக்கினான். அரத்தைக் காடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். கிரீச் என்ற சத்தம் திடல் முழுக்கக் கேட்டது. திடுக்கிட்டுப் பார்த்தால், முழங்காலுக்கு அருகே ஒரு மைக் நின்றிருந்தது. உயிரோடு இருந்தது. அதை அணைக்கும் பொத்தானைத் தேடும்போதே திரைக்கு அந்தப் பக்கம் மரப்பலகை அதிர்ந்தது. யாரோ முன்பக்கமாக மேடை ஏறினார்கள்.

“இன்னாப்பா மைக்செட்டு, எலி கத்தற மாதிரி கத்துது?”

அப்பாதுரையின் குரல்.

“சரியா இருக்குது சார், பேசிப் பாருங்க” என்று தூரத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

வேணு அரத்தைக் காடியிலேயே அழுத்திப் பிடித்தான். ஒரு முழத் தூரம். நடுவில் ஒரு நீலத்துணி.

“ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்…”

அந்தக் குரல் திடலை நிறைத்தது. வேணுவின் அரம் நகர்ந்தது. குரல் நின்றபோது அரமும் நின்றது.

“ஒன்… டூ… த்ரீ… ஜாஸ்தி பண்ணுப்பா கொஞ்சம்.”

அரம் இரண்டு இழுப்பு இழுத்தது.

“அனைவருக்கும் வணக்கம்… வணக்கம்… இப்ப கம்மி பண்ணு.”

மூன்று இழுப்பு. தன் வாழ்க்கையைக் கெடுத்த குரலின் மறைவில் குனிந்துகொண்டு, அதே குரல் நிற்காமல் இருக்கட்டும் என்று வேணு அண்ணாமலையாரை வேண்டினான். நான்கு வருடத்தில் அந்த மனிதருக்காக அவன் செய்த முதல் நல்ல வேண்டுதல் அதுதான்.

“ஆங், போதும்.” பலகை மறுபடி அதிர்ந்தது. செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

உப்புத்தாளால் விளிம்பை உருட்டினான். பூ நூலை எடுத்துக் காடியில் குறுக்கே வைத்து மெல்ல இழுத்தான். பிசிறு இருந்தால் நூல் சிக்கும். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. கம்பியைத் திருப்பிப் பார்த்தான். மேல்சுற்றில் காயம் இல்லை. ஏற்றி இறுக்கி, கிதாரின் மரத்தில் காதை அழுத்திவைத்து, தனக்கு மட்டும் கேட்கும்படி சுருதி சேர்த்தான். உறையை மூடினான். அது முன்பு இருந்த கோணத்திலேயே சாய்த்து வைத்தான்.

உள்ளங்கையில் பித்தளைத் துகள் கொஞ்சம் சேர்ந்திருந்தது. பத்தர் எந்த உலோகமானாலும் அரப்பொடியை விட்டுவிட்டு வர மாட்டான். துணியில் தட்டி முடிந்துகொள்வான். அவன் கையும் பைக்குள் கைக்குட்டையைத் தேடிப் போனது. பிறகு நின்றது. அந்தத் துகளை மேடைப் பலகை மேலேயே தட்டிவிட்டான். இரண்டு கைகளையும் விரித்து, திரை வழியாக வந்த வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது இருட்டிவிட்டது. திடலில் விளக்குகள் எரிந்தன. அப்பாதுரை ஏதோ சொன்னார், கைதட்டல் எழுந்தது. பிறகு கிதார் தனியாகத் தொடங்கியது. நடுவில் ஓர் இடத்தில் மணிவேல் அந்தக் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தான். நெஞ்செலும்பில் வந்து மோதியது. வேர்க்கடலை விற்கிறவர் கடலையை வறுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் தக்காளி விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நிற்கவில்லை, ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திருவண்ணாமலை பேருந்து வந்தது. வேணு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அரம் இருந்தது. பூ நூலும் இருந்தது.